ஒட்டறையும் ஒரு சாமான்தான்

அன்புள்ள தம்பி,

அப்பா அழைத்தால் நீ தொலைபேசியை எடுக்காத மூன்றாவது வாரம் இது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. கோபத்தில் கசக்கி எறிந்தாலும் பிறகு ஆறுதலாக எடுத்து விரித்து வாசிக்கலாம். முப்பத்தைந்து வருடம் நில அளவையாளனாக இருந்தவன் நான். எதையும் எல்லைக்கல்லிலிருந்து தொடங்கித்தான் பழக்கம். இந்த விசயத்தின் எல்லைக்கல் இதுதான்: மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர், உனக்கு ஒரு சொல் சொல்லாமல் நெல்லியடிக்குப் போய், நீ கட்டப்போகிற தர்சிகாவின் வீட்டில், கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் இருக்கப்போகிற அறையை அளவு நாடா போட்டு அளந்தேன். அது பிழை. மன்னிப்பை எங்கே எழுதியிருக்கிறேன் என்று நீ கடைசிப் பக்கத்தைப் புரட்டத் தேவையில்லை, இங்கேயே எழுதிவிட்டேன்.

ஏன் அளந்தேன் என்று சொல்ல வேண்டும் என்றால் குருவிகளில் தொடங்க வேண்டும். "அப்பா தொடங்கிட்டார்" என்று நீ வவுனியாவில் உன் வாடகை அறையில் இருந்து முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. சுளித்துவிட்டு வாசி. இன்று காலையும் கொய்யா மரத்தில் தொங்குகிற கம்பிக் கூடையை நிரப்பினேன். தேங்காய்த் தும்பு, இலவம் பஞ்சு, காய்ந்த அறுகம்புல், பக்கத்து வளவுக் கோழிகள் உதிர்த்த இறகு. நான் திரும்பி நாலு அடி வைக்கமுன் ஒரு கொண்டைக்குருவி வந்து, இருந்ததற்குள் நல்ல தும்பாகப் பார்த்து, ஒன்றை இழுத்துப் பார்த்துப் பிடிக்காமல் விட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனது. கூறைச் சேலை எடுக்கப் போன உன் சித்தி கடைக்காரனைப் படுத்திய பாடுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தனியே நின்று சிரித்தேன்.

இந்தக் கூடை என்னுடைய யோசனை என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் அது உன் அம்மாவுடையது. நான் அளவெட்டியில் பிறந்து வளர்ந்தவன் என்பதும், கலியாணம் முடித்து மானிப்பாயில் அம்மாவின் வீட்டுக்கு வந்தவன் என்பதும் உனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வழக்கமே அதுதானே. பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளைக்குப் பெட்டி. விடிய எழும்பினால் நாதஸ்வரச் சாதகம் கேட்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு, இங்கே புலுனிக் குருவிகள் ஏழெட்டு ஒன்றுசேர்ந்து போடுகிற சண்டைதான் கேட்டது. வந்த முதலாவது சனிக்கிழமை அம்மாவும் என் மாமியும் சந்தைக்குப் போயிருந்தார்கள். வீட்டு மாப்பிள்ளை சும்மா குந்தியிருக்கிறான் என்று யாரும் சொல்லக்கூடாதே என்று நான் தும்புத்தடியைக் கையில் எடுத்தேன். முற்றம் முழுக்கக் கூட்டினேன். முகட்டிலும் கூரை ஓரத்திலும் சிலந்தி கட்டியிருந்த ஒட்டறை முழுவதையும் அடித்தேன். கொய்யா மரத்தில் ஒரு கூடை நிறையக் கிடந்த தும்பையும் பஞ்சையும் குப்பை என்று கொட்டிக் கொளுத்தினேன். கிணற்றடிக் கொடியின் நுனியில் சருகும் நூலுமாக ஏதோ தொங்கியது. அதையும் பிடுங்கி நெருப்பில் போட்டேன். போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, பாராட்டு வரும் என்று வாசல் படலையைப் பார்த்தபடி நின்றேன்.

அம்மா சந்தைப் பையை இறக்கி வைக்கவில்லை. கொடியைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஆர் உதிலை இருந்ததைப் பிடுங்கினது?"

"நான்தான். குப்பை தொங்கினது."

"உது குப்பையில்லை. தேன்சிட்டு பத்து நாளாக் கட்டினது. இன்னும் முட்டைகூட இடேல்லை." பிறகு மேலே பார்த்தாள். "ஒட்டறையையும் அடிச்சுப்போட்டியளோ?"

"ஓம், ஒரு மூலை மிச்சம் விடேல்லை" என்றேன் பெருமையாக.

"அதுதானே அதுகளுக்கு நூல்! ஒட்டறை இல்லாமல் என்னத்தாலை ஒட்டிறது? அதுவும் ஒரு சாமான்தான். வீடு கட்டுறவன்ரை சீமெந்தைக் கொட்டிப்போட்டு வந்து நிக்கிறியள்."

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. புது மாப்பிள்ளையோடு மூன்று நாள்! மாமி பாவப்பட்டு எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தார். அப்போது எனக்கு அம்மாவில் கோபம்தான் வந்தது. ஒரு சிட்டுக்காக இந்த ஆர்ப்பாட்டமா என்று. பல வருடம் கழித்துத்தான் விளங்கியது, அன்று அவ்வளவு உற்சாகமாகக் கூட்டியவன் அந்த வீட்டின் ஆள் இல்லை என்று. தன் வீட்டில் எவனும் அப்படிக் கூட்டமாட்டான். விருந்தாளிதான் சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்குக் காட்டுகிறவன் மாதிரி நிற்பான்.

பிராயச்சித்தம் செய்யவேண்டும் என்று குருவிக் காரியத்தை நான் கையில் எடுத்தேன். நான் எடுத்தால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பலகையில் கூடுகள் செய்தேன், ஓட்டையின் விட்டத்தை மில்லிமீற்றர் சுத்தமாக வெட்டினேன். ஒன்றிலும் ஒரு குருவியும் வரவில்லை, பல்லிதான் குடியிருந்தது. பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் தும்பை வட்டமாக அடுக்கி, நடுவில் பஞ்சு மெத்தை வைத்து, மாமரக் கிளையில் கட்டிவிட்டேன். அப்படி ஒரு கூட்டை எந்தக் குருவியாலும் கட்டமுடியாது என்று எனக்கு நினைப்பு. அடைக்கலக் குருவி ஒன்று வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது என் மெத்தையைத் துண்டு துண்டாகப் பிரித்து, நாலு நாளில் முழுவதையும் தூக்கிக்கொண்டு போய், முன் சுவரில் மின்சார மீற்றர் பெட்டிக்குப் பின்னால் சப்பட்டையாக, ஒரு பக்கம் பிதுங்கி, பார்க்கச் சகிக்காத ஒரு கூடு கட்டியது. அதில் மூன்று குஞ்சும் பொரித்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரு சிரிப்பு.

இனி வருவது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கதை. அதில் பாதி உனக்கும் தெரியாது. உனக்கு எட்டு வயது. தும்பு மண் நிறமாக இருக்கிறது, கொஞ்சம் வண்ணம் வேண்டும் என்று நான் உரப்பையின் நீல நைலோன் இழைகளை நீளநீளமாக உருவிக் கூடையில் போட்டிருந்தேன். குருவிகள் போட்டி போட்டு எடுத்தன. எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்த நீ சப்பாத்தும் கழற்றாமல் ஓடிவந்தாய். "அப்பா, குஞ்சு தொங்குது!" மீற்றர் பெட்டிக்குக் கீழே ஒரு குஞ்சு ஒற்றைக் காலில் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. காலில் நீல நூல் சுற்றி இறுகியிருந்தது. நான் ஏணியில் ஏறினேன், நீ ஏணியைப் பிடித்தாய். அம்மாவின் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டும்போது குஞ்சின் காலையே வெட்டிவிடுவேனோ என்று பயந்தேன். இறக்கி உன் கையில் வைத்தபோது நீ அந்த நூலைப் பார்த்தாய். "அப்பா, உது நீங்கள் போட்ட நூலெல்லோ?" என்று கேட்டாய். நான், "இல்லைத் தம்பி, எங்கையோ காத்திலை வந்திருக்கும்" என்றேன்.

அது நான் போட்ட நூல்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் என் பிழையை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் நான் எழும்பமுன் கூடையிலிருந்த நீல நூல் முழுவதையும் நீயே பொறுக்கி எடுத்துவிட்டாய். அதைக் கண்டும் காணாதவன் மாதிரி இருந்தேன். குஞ்சு கால் கோணலாக இருந்தாலும் பறந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் கூடையில் நைலோன் இல்லை, விரல் நீளத்துக்கு மேல் எந்த நாரும் இல்லை. அந்தச் சட்டத்தை நான் போட்டதாகத்தான் எல்லாருக்கும் சொல்லிவருகிறேன். போட்டது நீ.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நெல்லியடிக்குப் போனேன். தர்சிகாவின் அம்மா என்னை நல்லபடி வரவேற்றார். அறையைக் காட்டுங்கோ என்றேன், காட்டினார். அவர் தேநீர் போடக் குசினிப் பக்கம் போன நேரம் என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் நாடாவை எடுத்துவிட்டது. நீளம், அகலம், யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் எவ்வளவு என்று கொப்பியில் குறித்துக்கொண்டு இருந்தேன். அவர் தட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணை, உங்கடை மகன் சீதனம் ஒண்டும் வேண்டாம் எண்டு எழுதியே தந்தவர். நீங்கள் வந்து வீட்டை அளக்கிறியள்."

அந்த இடத்தில் வாயை மூடியிருந்தாலும் தப்பியிருப்பேன். "இல்லைத் தங்கச்சி, அவனுக்கு இந்த அறை போதுமோ, காணுமோ எண்டுதான் பாக்கிறன்" என்றேன். தேநீர்த் தட்டு அப்படியே மேசையில் வைக்கப்பட்டது. குடியுங்கோ என்று அவர் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் நீ அழைத்தாய். "அப்பா, பத்தருக்குச் சொல்ல வேண்டாம். நான் சொல்லுமட்டும் பொன்னுருக்கு இல்லை." அவ்வளவுதான். பத்தர் தாலிக்குப் பொன் உருக்காவிட்டால் கலியாணம் ஏது? நீ சீதனம் வாங்கமாட்டேன் என்று அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை நான் நாடாவோடு போய் மிதித்துவிட்டேன். உன் முகத்தை அந்த வீட்டில் கறுக்க வைத்துவிட்டேன். உன் கலியாணம் என்னால் நின்றுவிடுமோ என்று பயந்த பயத்தில் எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான் சாப்பிடாததைக் கண்டு அம்மா இரங்கவும் இல்லை. "கூட்டினது போதாதெண்டு இப்ப அளந்தும் போட்டார்" என்று முற்றத்துக்கு வந்த பக்கத்து வளவுக் கோழிகளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை படலையில் ஸ்கூட்டி வந்து நின்றது. தர்சிகா. நான் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஓடி ஒளிக்க இடம் இருந்தால் ஒளித்திருப்பேன். அவள் ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டுக் கிட்ட வந்து கூடையைப் பார்த்தாள்.

"மாமா, இவ்வளவு இறுக்கி அடைச்சால் குருவி என்னெண்டு இழுக்கும்?"

நான் எப்போதும் அப்படித்தான் அடைப்பேன், இடைவெளி தெரியாமல். அவள் கையை விட்டு முழுவதையும் கலைத்துத் தளர்த்தி, கம்பிக்கு வெளியே நுனிகள் நீட்டிக்கொண்டு நிற்கும்படி விட்டாள். பிறகு கீழே மணலில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டாள்.

"ஏன் அளந்தனீங்கள்? சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ."

"அவன்ரை மேசையைப் போட இடம் இருக்குமோ எண்டு."

"மேசைக்கு நாலு சுவரையும் ஏன் அளக்கவேணும்?"

கெட்டிக்காரப் பிள்ளை, தம்பி. அந்த இடத்தில் எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒரு பொய் உனக்குச் சொன்னதே போதும். "பிள்ளை, நான் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் என்ரை உடுப்பைச் சூட்கேசுக்குள்ளைதான் வைச்சிருந்தனான். அலுமாரியிலை ஒரு தட்டுத் தாங்கோ எண்டு கேக்க வாய் வரேல்லை. ஆரும் என்னை ஒரு குறை சொல்லேல்லை. எல்லாரும் நல்லாத்தான் பாத்தவை. எண்டாலும் இது என்ரை இடம் எண்டு ஒரு மூலை இல்லை. அவனுக்கும் அப்பிடி வந்திடும் எண்டு பயந்துபோனன். அதுதான் நாடாவோடை வந்தனான்."

அம்மா கதவடியில் நின்றதை நான் காணவில்லை. "ஒன்பது வருஷமோ?" என்றாள். "நான் நினைச்சன் நீங்கள் ஒழுங்கு பாக்கிற ஆள், பெட்டிக்குள்ளை வைக்கிறதுதான் உங்கடை விருப்பம் எண்டு. பக்கத்திலை படுக்கிற எனக்கெண்டாலும் ஒரு சொல் சொல்லியிருக்கலாமெல்லோ?" சிரித்துக்கொண்டு தொடங்கியவள் முடிக்கும்போது அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தர்சிகா மட்டும் அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழும்பி மண்ணைத் தட்டினாள்.

"அம்மாட்டை வந்து இதைச் சொல்லுங்கோ, மாமா. ஆனா உங்கடை மகனுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். அது நீங்கள் சொல்லவேண்டிய கதை."

அவள் படலையைத் தாண்டமுன் கூடையில் இரண்டு குருவி வந்து இருந்துவிட்டன. என் முப்பது வருட அனுபவத்தால் என்ன பிரயோசனம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை பஸ்ஸேறி நெல்லியடிக்குப் போனேன். நாடாவை வீட்டில் வைத்துவிட்டுப் போகும்படி அம்மா என் பையைச் சோதித்துத்தான் அனுப்பினாள். தர்சிகாவின் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லி, என்னை மன்னிக்கவேணும் என்று கேட்டேன். அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். பிறகு, "அளந்ததுக்கு எனக்குக் கோபமில்லை அண்ணை. அது இவர்ரை அறை" என்றார். அவருடைய கணவர் இறந்து நாலு வருடம் என்பது உனக்குத் தெரியும். அது அவருடைய அறை என்று எனக்குத் தெரியாது. "நாலு வருஷமா ஒரு புத்தகம் அசைக்கேல்லை. உங்கடை மகன் வாறார் எண்டுதான் போன மாசம் அலுமாரியை வெறுமையாக்கினனான். நீங்கள் காணுமோ எண்டு கேட்டவுடனை எனக்குத் தாங்கேல்லை." சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்து காட்டினார். நாலு தட்டும் துடைத்து, பழைய காகிதம் விரித்து, உனக்காகக் காத்திருக்கிறது. நான் எதற்காகப் பயந்து திரிந்தேனோ அது நான் போகமுன்னமே அங்கே செய்து முடிந்திருந்தது. எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. இந்த முறை தேநீர் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

தம்பி, அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே பெட்டியைத் திறந்து உடுப்பை அந்தத் தட்டுகளில் அடுக்கு. கூச்சப்படாதே. நீ கூச்சப்பட்டால் அந்த அம்மாவுக்குத்தான் நோகும். முதல் வருடம் தும்புத்தடிப் பக்கம் போகாதே. உனக்குக் குப்பையாகத் தெரிகிறது அங்கே யாரோ ஒருவருக்குச் சாமானாக இருக்கும், கேட்டுவிட்டுத் தொடு. ஏதாவது குறை இருந்தால் அந்தப் பிள்ளையிடம் சொல்லு. என்னைப் போல ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, அதற்குப் பெயர் பொறுமை என்று நினைக்காதே. அது பொறுமையில்லை, வீம்பு. நீங்கள் இரண்டு பேரும் எப்படிக் கட்டினாலும், அது ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு நின்றாலும், நான் வந்து சரிபார்க்கமாட்டேன். கேட்டால் தும்பு தருவேன். கேட்காவிட்டால் இங்கே கொய்யாவுக்குக் கீழே இருப்பேன். இதை எழுதுவது சுகம், செய்வது எனக்குக் கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அதனால் அம்மாவைக் காவலுக்கு வைத்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று ஐயர் சொல்கிறார். பத்தரிடம் நான் ஒன்றும் கதைக்கவில்லை. நீ சொல்லுமட்டும் கதைக்கவும் மாட்டேன்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறரைக்கு நீ அம்மாவோடு கதைக்கிறாய். அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கறி அரிகிறாள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். இந்த மூன்று கிழமையும் நின்றேன். முதல் கிழமை நீ என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் கிழமையும் கேட்கவில்லை. முந்தநாள் போனை வைக்கப்போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "அப்பா பிறசருக்குக் குளிசை ஒழுங்காப் போடுறவரோ?" என்று கேட்டாய். அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். அந்த இடத்தில் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஓம் தம்பி, போடுறனான்.

அப்பா